மாஜிதா வாங்கிய வாடகை வீடு

மாஜிதா வீடு வாங்கிய கதை அவள் தெருவில் தெரியாத ஆள் கிடையாது. தெரிந்தவர்கள் எல்லோரும் அவளைக் கூறு கெட்டவள் என்றுதான் சொல்கிறார்கள். சொல்லட்டும், யார் வாயை யார் அடைப்பது? ஆனால் நடந்ததை நடந்தபடி ஒரு தரம் முழுசாகக் கேட்டுவிட்டு, அப்புறம் சொல்லட்டும்.

அவள் புருஷன் பாரூக்குக்கு சவூதியில், தம்மாமில் ஒரு சலவைக் கம்பெனியில் வேலை. கல்யாணமான மறு வருஷம் போனவன், லீவுக்கு வருவதும் பெட்டி கட்டுவதுமாகவே வயசாகிவிட்டான். ஒரே மகள் வாப்பாவை போனில் பார்த்துப் பார்த்தே வளர்ந்து, மேலப்பாளையத்தில் கட்டிக்கொடுத்தும் ஆயிற்று. மாஜிதா தென்காசியில் அடுத்தவர் கடைக்கு மேலே கட்டிய தங்கள் மாடி வீட்டில் தனியாகப் பொங்கி, தனியாகத் தின்றுகொண்டிருந்தாள்.

பாரூக்குக்கு சுகர் உண்டு. ஈரத் தரையில் ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு நாள் முழுக்க நிற்கிற வேலை. போன நோன்புக்குக் கொஞ்சம் முன்னால் குதிகாலில் ஒரு புண் வந்தது. அதைப் போனில் பார்த்த நாளிலிருந்து மாஜிதாவுக்குச் சோறு இறங்கவில்லை.

"முடிச்சுட்டு வந்துருங்க. இருக்கதத் தின்னுட்டு இருப்போம்" என்றாள்.

"என்னத்தட்டி இருக்கு? நீ வளக்க கோழியா? மாசா மாசம் கையில ஒண்ணு வரணும். ஒரு வாடகை வீடு அமைஞ்சுட்டுன்னு வையி, அன்னைக்கே விசாவ கேன்சல் பண்ணிட்டு பிளேன் ஏறிருதேன்."

அவன் விளையாட்டாகச் சொன்னானோ, மெய்யாகச் சொன்னானோ, மாஜிதா அதைப் பிடித்துக்கொண்டாள். வீடு அமைந்தால் மனிதன் வந்துவிடுவான். புண் பெரிதாவதற்கு முன்னால் வந்துவிடுவான். அதற்குமேல் அவளுக்கு ஒரு கணக்கும் தெரியாது. நிலம் வாங்கி விற்று லாபம் பார்க்கிற சாமர்த்தியமெல்லாம் அவளிடம் கிடையாது. புருஷனை ஊருக்குக் கூட்டிக்கொண்டு வருகிற வழியாகத்தான் அந்த வீட்டைத் தேடினாள்.

தென்காசி தனி ஜில்லா ஆன பிறகு ஆபீசுகளும் ஆட்களும் பெருகி, குத்துக்கல்வலசைப் பக்கம் வாடகை வீட்டுக்கு அடிதடியாக இருந்தது. வீட்டுத் தரகர் ஆறுமுகநயினார் அங்கே ஒரு வீடு சொன்னார். ஒரே தளம், ரோட்டிலிருந்து படியே இல்லாத வாசல், பின்னால் அடிபம்பு. விற்கிறவர் சிவசைலம் என்று ஒரு பென்ஷன்காரர், மகனோடு சென்னைக்குப் போகிறார்.

"பேங்க் லோன் போட்டுக்கிடுங்க தங்கச்சி" என்றார் ஆறுமுகநயினார். "கையில இருக்கத அப்படியே வச்சுக்கிடலாம். அவுக வக்கீல், இன்ஜினியர்னு அனுப்பி வீட்ட மூலை முடுக்கெல்லாம் பாத்துருவாவ. நமக்கும் தைரியம்லா?"

"வட்டி வேண்டாம் அண்ணாச்சி."

"ஊர்ல எல்லாரும் போடுதாவளே."

"போடட்டும். அந்த வாடகையில நான் அவுகளுக்குச் சோறு பொங்கணும். வட்டி கலந்த சோத்த நான் போட மாட்டேன்."

பாரூக் சேர்த்து வைத்ததும் போதாமல், மாஜிதா கழுத்து கை எல்லாம் கழற்றிக் கொடுத்தாள். காதில் கிடந்ததை மட்டும் மகள் அழுததால் விட்டுவைத்தாள்.

வீடு பார்க்கப் போன அன்றைக்கு நல்ல வெயில். வீட்டில் குடியிருந்தவள் சமீனா, முப்பது வயசுக்குள்தான் இருக்கும். அவள் புருஷன் இத்ரீஸ் ஐந்தருவிக்குப் போகிற பாதையில் சீசன் பழக்கடை போடுகிறவன். முஸ்லிம் வீட்டுப் பெண் தனியாக இருக்கிறாளே என்று ஆறுமுகநயினார் வாசலோடு நின்று, ரோட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அது அவர் மரியாதை. மாஜிதா மட்டும் உள்ளே போனாள். முன்னறை பார்த்தாள், அடுப்படி பார்த்தாள், குழாயைத் திருகிப் பார்த்தாள். உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது.

"அங்கன அவுக படுத்திருக்காவ ராத்தா" என்றாள் சமீனா. "காய்ச்சல். கதவத் தெறக்கவா?"

"வேண்டாம் வேண்டாம், தூங்கட்டும்."

அடுத்தவள் புருஷன் படுத்திருக்கிற அறைக்குள் எட்டிப் பார்க்கிற வழக்கம் மாஜிதாவின் தெருவில் எந்தப் பெண்ணுக்கும் கிடையாது. வெளியிலிருந்தே சுவரைக் கண்ணால் அளந்து, கட்டில் பீரோ போட இடமிருக்கும் என்று முடிவு செய்துகொண்டாள். சமீனா கொடுத்த தேயிலையைக் குடித்துவிட்டு வெளியே வந்தாள். தரகர் பார்க்காததும் அவள் பார்க்காததும் ஒரே அறை. லோன் போட்டிருந்தால் அந்த இன்ஜினியராவது கதவைத் திறக்கச் சொல்லியிருப்பார்.

"குடியிருக்கவுக மாசக் கடைசியில காலி பண்ணிருவாவம்மா. நான் சொல்லியாச்சு" என்றார் சிவசைலம். சிரித்த முகமாகத்தான் சொன்னார். குடியிருக்கிறவன் பிழைக்க மாட்டான் என்று திருநெல்வேலி ஆசுபத்திரியில் கைவிரித்து அனுப்பியதும், சமீனா தான் கொடுத்த அட்வான்சையே மருந்துக்கென்று திருப்பி வாங்கிப்போனதும் அவருக்குத் தெரியும். மாஜிதாவிடம் அதைச் சொல்லவில்லை. பத்திரம் பதிந்த மறுநாளே சென்னைக்கு வண்டி ஏறிவிட்டார்.

குற்றாலத்தில் சாரல் விழுந்த முதல் வாரம் இத்ரீஸ் மௌத்தானான்.

மாஜிதா துக்கத்துக்குப் போனாள். அன்றைக்குத்தான் தன் வீட்டின் உள்ளறையை அவள் முதல்முதலாகப் பார்த்தாள். ஜன்னலை அட்டை வைத்து அடைத்திருந்தது. மடக்குக் கட்டில், கழற்றாத குளுகோஸ் கம்பி, சுவர் முழுக்க மருந்துச் சாயம். எத்தனையோ மாசமாக ஒரு மனிதன் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோன அறை அது. அந்த அறையின் மூலையில் சமீனா வெள்ளைத்துணி போர்த்தி உட்கார்ந்திருந்தாள். மாஜிதாவைக் கண்டதும், "கோவிச்சுக்கிடாதீங்க ராத்தா, சிவசைலம் ஐயாதான் காய்ச்சல்னு சொல்லச் சொன்னாவ" என்றாள். அந்த நேரத்தில் போய் அதைச் சொன்னாள் அந்தப் பிள்ளை.

மாஜிதா அவள் தலையைத் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். ஆனால் அணைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அது இத்தா இருக்கிற வீடு. புருஷனைப் பறிகொடுத்தவள் அவன் மௌத்தான வீட்டிலேயே நாலு மாசம் பத்து நாள் அடைந்து கிடக்க வேண்டும். வாசல் தாண்டக் கூடாது, அந்நிய ஆண் முகம் பார்க்கக் கூடாது. மாசக் கடைசியும் போயிற்று, காலி பண்ணுவதும் போயிற்று.

மூன்றாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்த கையோடு ஆறுமுகநயினார் போன் பண்ணினார். ஏட்டையா சுடலையாண்டி குடும்பம் அந்த வீட்டுக்குச் சம்மதித்து, அட்வான்சுக்கும் தயாராக நிற்கிறதாம். அந்த அட்வான்சில்தான் பாரூக் கணக்கை முடித்துக்கொண்டு வருகிற செலவு நடக்க வேண்டும்.

"நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும் தங்கச்சி. அந்தப் பிள்ளைக்கு செங்கோட்டையில அம்மா வீடு இருக்காம்."

"இத்தா இருக்காளே அண்ணாச்சி."

"அதுக்கு நீங்க என்ன செய்வீக? ஏட்டையா வீட்டம்மா எனக்கு ஒரு நாளைக்கு நாலு போன் அடிக்காவ. அவுகளுக்கு இத்தாவா தெரியும், தாவாவா தெரியும்?"

பாரூக்கின் அக்கா சைதூன் பீவிக்கு எப்படியோ விஷயம் போய்விட்டது. அவள் நேரே படியேறி வந்தாள். அவளுக்கு மூட்டுவலி, ஆனால் சண்டை என்றால் மூட்டு வலிக்காது.

"எந் தம்பி அங்கன ஈரத்துல நின்னு சாவுதான். நீ இங்கன அடுத்தவ புருஷனுக்குத் துக்கம் காக்கியா?"

"மதினி, அவ எங்க போவா?"

"அது ஒங்கவலையா? நீ என்ன அனாதைகள வச்சு யத்தீம்கானாவா நடத்துத? பள்ளிவாசல்ல போயி ஆலிம்சாட்டயே கேட்டுட்டு வந்துட்டேன். வீடு அவளுக்குச் சொந்தமில்ல. வீட்டுக்காரவுக காலி பண்ணச் சொன்னா வேற வீட்டுக்குப் போயி மிச்ச இத்தாவ இருந்துக்கிடலாம். அவளுக்கும் குத்தமில்ல, நமக்கும் பாவமில்ல. இப்ப என்ன சொல்லுத?"

மார்க்கம் தடுக்கிறது என்று சாக்குச் சொல்லலாம் என்றிருந்தாள் மாஜிதா, மார்க்கம் தடுக்கவில்லை. தடுக்காமல் விட்டதுதான் பெரிய கஷ்டமாகப் போயிற்று. இனி சமீனாவை அனுப்பினாலும் இருக்கச் சொன்னாலும் அது மாஜிதா ஒருத்தி செய்ததாகத்தான் இருக்கும்.

மறுநாள் சமீனாவிடம் சொல்லிவிடுவது என்றே போனாள். வழியெல்லாம் சொல்ல வேண்டிய வார்த்தையை வாய்க்குள் கட்டிக்கொண்டு போனாள். நல்ல சாரல், குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிற வேன்கள் பாட்டுப் போட்டுக்கொண்டு அவளைத் தாண்டிப் போயின. வீட்டுக்குள் போனால் முன்னறையில் இரண்டு மூட்டை கட்டியிருந்தது. ஒரு வாளியில் சட்டிபானை. உள்ளறை வாசலில் கட்டியிருந்த திரைக்குப் பின்னாலிருந்து சமீனா பேசினாள்.

"ஆலிம்சா ஆளனுப்பிச் சொல்லிட்டாவ ராத்தா. நீங்க வாயெடுக்க வேண்டாம். ஆட்டோ மட்டும் பிடிச்சு விடுங்க."

"செங்கோட்டையில எத்தன ரூமு?"

"ஒத்த ரூமுதான். தம்பி, தம்பி பொண்டாட்டி, அவ அண்ணன் ஒருத்தன் வேலை தேடி வந்து கெடக்கான்."

"அவன் முன்னாலயா நீ இத்தா இருப்ப?"

"சேலையக் குறுக்க கட்டிக்கிடலாம்னு உம்மா சொல்லுதாவ."

திரைக்கு அந்தப் பக்கம் அழுகைச் சத்தம்கூட இல்லை, அதுதான் மாஜிதாவுக்குத் தாங்கவில்லை. ஒரு முரட்டுப் பிடிவாதம் அவளுக்குள் எழுந்தது. சைதூன் பீவி, ஏட்டையா வீட்டம்மா, தரகர் எல்லோர் மேலும் வந்த கோபத்தை அந்த மூட்டை முடிச்சின் மேல் காட்டினாள். குனிந்து அவிழ்த்தாள். ஈரத்தில் இறுகிப்போன முடிச்சு; பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

"இங்கனயே இரு. நாலு மாசமும் இரு. எவ வந்து கேட்டாலும் மாஜிதாட்ட கேளுன்னு சொல்லு."

"வாடகைக்கு என் கையில..."

"நான் கேட்டனா?"

அன்றைக்கு வீடு திரும்பும்போது அவள் நெஞ்சு லேசாக இருந்தது. நல்லது செய்துவிட்டோம் என்ற நிறைவு. ஆனால் படியேறுமுன்னே பாரூக்கின் வீடியோ கால் வந்துவிட்டது.

"என்னட்டி, ஏட்டையா குடி வந்துட்டாரா?"

இங்கேதான் மாஜிதா தப்புப் பண்ணினாள். சமீனாவை இருக்க விட்டது தப்பில்லை. எத்தனை பேர் சொன்னாலும் அது தப்பில்லை. தப்பு இது: மாசா மாசம் ஒன்றும் வராது என்று சொன்னால் மனிதன் மனசொடிந்து இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவானோ என்று பயந்து, "வெள்ளையடிக்காவ. அடுத்த மாசம் வந்துருவாவ" என்று சொல்லிவிட்டாள்.

"அப்ப அட்வான்ஸ் வரவும் சொல்லு. கேன்சல் பேப்பர் குடுத்துருதேன்."

"கால் எப்படி இருக்கு?"

"ஆறிட்டு."

"காட்டுங்க."

"பஸ்ல நிக்கேன்ட்டி, இங்கன வச்சா காட்ட முடியும்?"

அவனுக்குப் பின்னால் ரூமின் இரும்புக் கட்டில் தெரிந்தது. பஸ் இல்லை. மாஜிதா பார்த்தாள். பார்த்தும் கேட்கவில்லை. தன் பொய்யை அவன் கிண்டாமல் இருந்ததற்கு அவளும் அவன் பொய்யைக் கிண்டவில்லை.

ஏட்டையா வேறு வீடு பார்த்துக்கொண்டு போனார். அடுத்த மாசம் வெள்ளையடிக்கிற ஆள் மழைக்கு வரவில்லை. அதற்கடுத்த மாசம் கரண்டு வேலை என்றாள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மாஜிதா ஒரு சாக்கை யோசித்து வைத்துக்கொண்டுதான் போனை எடுத்தாள். பாரூக் முகத்தை மட்டும் காட்டினான். முகம் வற்றிக்கொண்டே வந்தது. கன்னம் உள்ளே போய் மூக்கு எடுத்துத் தெரிந்தது. "வெயில்" என்றான். வாரா வாரம் குத்துக்கல்வலசைக்கு அரிசியும் மீனும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, இந்தப் புண்ணியமாவது அவன் காலைக் காப்பாற்றட்டும் என்று துஆச் செய்தாள்.

சீசன் முடிந்து அருவிக்கரைக் கடைகளின் தார்ப்பாயைச் சுருட்டிவிட்ட நேரம். அவனோடு ரூமில் இருக்கிற மலையாளத்துப் பையன் ஒருவன் போன் பண்ணினான். அவனுக்குத் தமிழ் திக்கியது.

"சேச்சி, பயப்படண்டா. பாரூக் இக்காவுக்கு ஆப்பரேஷன் கழிஞ்ஞு."

"என்ன ஆப்பரேஷன்?"

அவன் வார்த்தை தேடினான். கிடைக்காமல், கடைசியில், "முட்டுக்குத் தாழ" என்றான். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள் என்று மாஜிதாவுக்கு விளங்கிவிட்டது. அந்தச் சொல்லை வாழ்நாளில் கேட்டதே இல்லை, ஆனாலும் விளங்கிவிட்டது.

சமீனாவின் இத்தா முடிவதற்கும் பாரூக் திருவனந்தபுரத்தில் வந்து இறங்குவதற்கும் சரியாக இருந்தது. சமீனா குளித்து உடுத்தி, மாஜிதாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு செங்கோட்டை போனாள். ஆரியங்காவு வழியாக வந்த கார் தெருவில் நின்றது. தெரு ஆம்பளைகள் நாலு பேர் பாரூக்கை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து மாடிக்குத் தூக்கினார்கள். திருப்பத்தில் நாற்காலி சுவரில் முட்டி ஒரு பக்கம் சாய்ந்தது. அவன், "மெதுவா, மெதுவா. மிச்ச காலையும் எடுத்துராதீக வே" என்று சிரித்தான். யாரும் சிரிக்கவில்லை.

மேலே போனவன் மேலேயே கிடந்தான். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு இறக்க நாலு ஆள், ஏற்ற நாலு ஆள். முதல் வாரம் வந்தார்கள். இரண்டாம் வாரம் ஒருத்தன் குறைந்தான். மூன்றாம் வாரம் பாங்கு சொல்லி முடியும்வரை காத்திருந்துவிட்டு, பாரூக் கட்டிலிலேயே தொழுதான்.

சைதூன் பீவி எல்லாவற்றையும் அவன் காதில் போட்டுவிட்டுத்தான் போனாள். மாஜிதா மருந்து கட்ட உட்கார்ந்தபோது அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"நாலு மாசமா வெள்ளையடிச்ச?"

அவள் கட்டுத் துணியை எடுத்துச் சுற்றினாள்.

"அம்புட்டுச் சுண்ணாம்புக்குத் தென்காசிக் கோபுரத்தையே அடிச்சிருக்கலாமேட்டி."

"அந்தப் பிள்ளைய வெளிய விட மனசு வரலங்க."

"அத யாரு கேட்டா? நீ விட்டிருந்தா நானே ஒன்ன வஞ்சிருப்பேன்." முகத்தை அவள் பக்கம் திருப்பினான். "எனக்கு வாடகையா பெருசு? இங்கன இப்படி ஆகிப்போச்சு, வாடகை வராது, ஆனா நீங்க வந்துருங்கன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா வந்திருப்பேன்லா? நீ அடுத்த மாசம் அடுத்த மாசம்னு சொல்லச் சொல்ல, நானும் சரி, இவ ஆசையா வாங்கின வீடு, வெறுங்கையோட போயி ஏன் கெடுக்கணும்னு நின்னுட்டேன்."

"நீங்களும் ஆறிட்டுன்னுதான சொன்னீக."

"ஆமா. நானும் சொன்னேன்."

அவ்வளவுதான் இரண்டு பேரும் பேசியது. அவன் அதற்கப்புறம் அவளை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவளும் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பாள், மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.

இனி மாடியில் குடித்தனம் நடக்காது என்று தெரிந்துவிட்டது. மாஜிதா குத்துக்கல்வலசை வீட்டுக்குத் தானே சுண்ணாம்பு வாங்கிப்போய் அடித்தாள். உள்ளறையின் மருந்துச் சாயம் மூன்று தரம் பூசியும் உள்ளிருந்து மஞ்சளாக எழும்பிக்கொண்டே இருந்தது. சரி கிடக்கட்டும் என்று விட்டாள். வாசலில் படி இல்லாததால் சக்கர நாற்காலி நேரே உள்ளே போயிற்று. கட்டில் போட உள்ளறைதான் தோதாக இருந்தது. பாரூக்கை அதில்தான் படுக்கவைத்தாள். வாடகைக்கென்று வாங்கிய வீட்டில் அவர்கள் குடியேறினார்கள். மகளைப் பெற்று வளர்த்து, புருஷனுக்காகக் காத்துக்கிடந்த மாடி வீட்டை ஆறுமுகநயினார் ஒரு தாலுகா ஆபீஸ் குடும்பத்துக்கு வாடகைக்குப் பேசி முடித்துவிட்டார்.

முதல் வாடகையை வாங்க மாஜிதா தன் பழைய தெருவுக்குப் போனாள். படிக்குக் கீழே நின்று குரல் கொடுத்தாள். குடிவந்திருந்த ஆனந்தவள்ளி மேலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"மேல வாங்கக்கா, காப்பி குடிச்சுட்டுப் போலாம்."

"இல்லம்மா, அங்கன அவுக தனியா இருக்காவ."

ஆனந்தவள்ளி இறங்கி வந்து பணத்தைக் கொடுத்தாள். நல்ல மரியாதைக்காரி. போகத் திரும்பியவளை நிறுத்தி, கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டாள்:

"அக்கா, பெட்ரூம் சுவத்துல சாமி படத்துக்கு ஒரு ஆணி அடிச்சுக்கிடட்டுமா? ஒங்க வீடு, கேக்காம எப்படி அடிக்கன்னு அவுக சொன்னாவ."

"அடிச்சுக்கிடும்மா."

பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு மாஜிதா நடந்தாள். தெருமுனையை எட்டுமுன்னே பின்னால் சுத்தியல் சத்தம் கேட்டது. நல்ல சுவர் அது, பாரூக் முதல் தடவை சவூதியிலிருந்து அனுப்பிய காசில் எழுப்பியது. ஆணி லேசில் இறங்கவில்லை. அவள் ஷேர் ஆட்டோவில் ஏறி உட்காரும்வரை சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.